நைஜீரியாவிலிருந்து வல்லத்துக்கு ஒரு பார்சல்

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வருகிறவர்கள் அடுத்தவர் வீட்டுப் பார்சலைச் சுமக்காமல் தப்ப முடியாது. எண்பத்து நாலாம் வருடம் ஜூலைக் கடைசியில் நான் சுமந்த பார்சலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அப்போது வட நைஜீரியாவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். நண்பன் ஏழுமலை இயற்பியல். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்கு லீவு கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. ஊரில் இருக்கும் அவன் அப்பாவுக்கென்று ஒரு டிரான்சிஸ்டரை என்னிடம் கொடுத்துவிட்டு, "வீட்ல எல்லாரையும் ஒரு போட்டோ புடிச்சிக்கினு வா, அது போதும் எனக்கு" என்றான்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. மெட்ராஸிலிருந்து நேரே போகாமல், திண்டிவனத்தில் இறங்கி இந்த வேலையை முடித்துவிட்டுப் போவது என்று திட்டம். காலை ஆறேகாலுக்குப் பஸ். நூற்று இருபது கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதினோரு ரூபாய். இரண்டு வருடம் இட்லியைக் கனவில் மட்டும் பார்த்தவன், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எட்டு இட்லி சாப்பிட்டேன். பரிமாறியவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "துபாயா சார்?" என்றார். நைஜீரியா என்றதும், "அது எந்தப் பக்கம்?" என்றார். அதை விளக்கப் போய் செஞ்சி பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். அடுத்தது முக்கால் மணி கழித்துத்தான் வந்தது.

செஞ்சி போகும் வழியில் வல்லத்தில் இறங்கி, ஏழுமலை வீட்டுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லை ஓரமாக மூன்று கிலோமீட்டர் நடை. பதினொன்றரை மணி வெயில், குடை இல்லாமல் போகாதீர்கள். எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் வழி கேட்டேன். "ஆப்பிரிக்கா வாத்தியார் ஊடா?" என்றவர், வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் ஏழுமலையின் தங்கை செல்வி நின்றாள். "வாங்கண்ணே. நீங்க வருவீங்கன்னு அண்ணன் லெட்டர் போட்டுச்சி." அப்பா எங்கே என்று கேட்டேன். "கழனிக்குப் போயிருக்காருங்க. வர்றதுக்குப் பொழுது சாஞ்சிடும். அம்மாவ மட்டும் போட்டோ எடுங்க." அம்மா வெளியே தலைகாட்டவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இதோ வர்றேம்பா, சித்த குந்து." பத்து நிமிடம் ஆயிற்று.

வந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் கனகாம்பரம், முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தார். வேப்பமரத்தடியில் நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னேன். சிரித்தார். எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் குடத்தோடு போன ஒரு பெண் நின்று கத்தினார். "அடிப் பாவி, புருசன் செத்து வருசங்கூட திரும்பல, பூ வச்சிக்கினு நிக்கிறியே!"

கேமரா என் கையிலிருந்து நழுவியது. கழுத்தில் வார் இருந்ததால் பிழைத்தது.

உள்ளே போனால், சுவரில் மாலை போட்ட படம். ஐப்பசி மழையில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், வண்டி கட்டுவதற்குள் போய்விட்டாராம். ஏழுமலைக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா சொல்லச் சொல்ல எப்போதும் கடிதம் எழுதியவள் செல்விதான். அவர் போன பிறகும் அவர் பெயரிலேயே எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து மாறாததால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் கடிதங்களை எல்லாம் அவன் எனக்கும் படித்துக் காட்டியிருக்கிறான். சித்திரையில் வந்ததில், எருமை வைக்கோல்போரைச் சாய்த்த கதை. வயிறு வலிக்கச் சிரித்தோம். செத்து ஆறு மாதம் ஆன மனிதரின் பெயரில் வந்த கடிதத்துக்கு!

முதலில் கோபம்தான் வந்தது. "பெத்த பிள்ளைகிட்ட இதை எப்படிம்மா மறைக்கலாம்?" என்று கத்திவிட்டேன்.

"மறைக்கணும்னு ஆசையா எனக்கு? இங்க ஊரே கூடி அழுதுச்சி. அவன் அங்க ஒண்டியா குந்திக்கினு அழுவானே, புடிச்சிக்க ஆளு ஏது? லீவுல வரட்டும், மடியில போட்டுக்கினு சொல்லலாம்னு இருந்தேன்."

அப்புறம் என்னை விசாரித்தார். அங்கே யார் சமைப்பது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது. அவன் மலேரியாவில் கிடந்தபோது நாலு நாள் நான் பள்ளிக்கூடம் போகாததைச் சொன்னேன். எழுந்தார். பூவை எடுத்துச் செல்வி கையில் கொடுத்தார். முந்தானையால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். தாலியில்லாத கழுத்தை மறைக்காமல் அதே மரத்தடியில் போய் நின்றார்.

"இப்ப எடு. இத அவன் பாக்கசொல்ல நீ பக்கத்துல இருப்ப இல்ல?"

இருப்பேன் என்றேன். வேறு என்ன சொல்வது? டிரான்சிஸ்டரைச் செல்வி வாங்கி அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தாள்.

திரும்பத் திண்டிவனம், அங்கிருந்து விழுப்புரம். முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், மூன்றரை ரூபாய். ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பிலிமைக் கொடுத்துவிட்டுப் போனேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பும் வழியில் வாங்கப் போனபோது, ஸ்டுடியோக்காரர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஒரே அம்மாதானா சார்? நடுவுல எத்தினி வருசம்?" என்றார். நடுவில் இருந்தது ஒரு மணி நேரம். காசைக் கொடுத்துப் படங்களை வாங்கிக்கொண்டேன்.

நைஜீரியா போய்ச் சேர்ந்து, ஒரு ஞாயிறு மத்தியானம் ஏழுமலையிடம் இரண்டாவது படத்தைக் கொடுத்தேன். "எப்போ?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். அவன் அழுத சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். அரை மணியில் எங்கள் வாசலில் செருப்பு விட இடமில்லை. பிரின்சிபால், வாட்ச்மேன், சந்தையில் தக்காளி விற்கிற அம்மா, அவனிடம் அடி வாங்கிய மாணவர்கள். "சாரி, சாரி" என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, பாய் விரித்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். இந்த ஊரில் நமக்கு யாருமே இல்லை என்று இரண்டு வருடமாக நாங்கள் மாற்றி மாற்றிப் புலம்பியிருந்தோம்.

வல்லம் பக்கம் இப்போது போகிறவர்கள் பஸ் நேரமும் கட்டணமும் விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லாம் மாறியிருக்கும். வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறவர்கள், கெட்ட செய்தியை மறைப்பதில்லை என்று வீட்டில் சத்தியம் வாங்கிக்கொண்டு போங்கள். போன முதல் வாரமே பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் மூசா. ஏழுமலை அழுத அன்றைக்குத்தான் கேட்டேன்.