குவாங்சோவை இல்லை என்று சொன்னேன்

தொண்ணூறுகளின் கடைசியில் பூலாம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் சோஷியல் சயின்ஸ் வாத்தியாராக இருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளைகள் முன்னால் 'தெரியாது' என்ற சொல் வாயில் வரவே வராது. அதில் நான் பலே கெட்டிக்காரன்.

ஒரு நாள் வகுப்பு வாசலில் செல்வி வந்து நின்றார். அவர் மகள் கவிதா என் மாணவி. கணவர் பெரம்பலூர் ஏஜெண்ட் ஒருவர் மூலமாகச் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருந்தார்.

"சார், அவரு மளிகைக் கடைக்குப் போன் பண்ணாருங்க. சீனாவுல குவாங்சோங்கற ஊர்ல கப்பல் நிக்குதாம். மேப்புல தொட்டுக் காட்டுங்க, பாப்பா ஆசப்படுது."

கடைக்காரர் இங்கிலீஷில் எழுதித் தந்த சீட்டையும் நீட்டினார். சுவரில் தொங்கியது நான் வேலைக்குச் சேருமுன்பே வாங்கிய மேப். பீகிங் இருந்தது, நான்கிங் இருந்தது, கான்டன் இருந்தது. குவாங்சோ இல்லை. வகுப்பே என் வாயைப் பார்த்தது.

"அப்படி ஒரு ஊரே சீனாவுல கிடையாதும்மா. ஏஜெண்ட் எங்கயோ கொண்டுபோய்த் தள்ளிட்டான் போல. விசாரிங்க."

செல்வியின் முகம் செத்துப்போனது. அன்றே அவர் அண்ணன் பெரம்பலூர் போய் ஏஜெண்டின் சட்டையைப் பிடித்துவிட்டார். அடுத்த போன் வந்தபோது செல்வி, "உண்மையச் சொல்லுங்க, எங்க இருக்கீங்க?" என்று கடையில் எல்லோர் முன்னாலும் அழுதிருக்கிறார். "என்னையவே நம்பலையா?" என்று கணவர் போனை வைத்துவிட்டார். கவிதா வகுப்பில் தலை நிமிரவே இல்லை.

மனசு உறுத்தத் திருச்சிக்குப் போய்ப் புது அட்லஸ் வாங்கி, பஸ்ஸிலேயே பிரித்தேன். கான்டன் இருந்த அதே இடத்தில் குவாங்சோ. பின்னால் குறிப்பும் இருந்தது. குவாங்டொங் என்ற மாகாணப் பெயரை ஐரோப்பிய வியாபாரிகள் வாய்க்கு வந்தபடி கான்டன் ஆக்கி ஊருக்கு வைத்துவிட்டார்களாம். இப்போது சீனர்கள் தங்கள் உச்சரிப்புப்படி தாங்களே இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள். பீகிங் பெய்ஜிங் ஆனதும் அப்படித்தான். ஐயோ, டிரிச்சினாப்பொலி என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லையே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேராகச் செல்வி வீட்டுக்குப் போய் அட்லஸை விரித்தேன். "தப்பு என்னோடதும்மா. போன் வந்தா நானே பேசறேன்." கவிதா அந்தப் புள்ளியில் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை.

செல்வி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"சார், இஸ்கூல் மேப்புல நம்ம பூலாம்பாடி இருக்குங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நாம மட்டும் எங்க சார் இருக்கோம்?"

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். கடைக்குப் போன் வந்தபோது செல்வியின் கணவரிடமும் அதையே சொன்னேன். வாத்தியார் வேலைக்கு வரும் பிள்ளைகளே, 'தெரியாது' என்று சொல்ல முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். பிறகு சொல்வதென்றால் என்னைப்போல மளிகைக் கடையில் நின்று கூனிக் குறுகித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.