ஒரு கல்லில் மூன்று எத்தியேன்

பழைய குடும்பக் கல்லறையைத் தேடி இலங்கை மலைநாட்டுக்குப் போவது எப்படி என்று சிலர் கேட்டு எழுதுகிறார்கள். நான் போனது 1979 பெப்ரவரியில். வழியைச் சொல்கிறேன். ஏன் போனேன் என்பதையும் சொல்லாமல் முடியாது.

என் பூட்டன் காரைக்காலிலிருந்து வந்து வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதிய பிரெஞ்சுக்காரர். எத்தியேன் என்று பெயர். மணந்தது தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணை. அன்று முதல் எங்கள் வீட்டில் மூத்த மகன் எத்தியேன்தான். தாத்தா, அப்பா, நான், எல்லாரும். பிள்ளை தவறிவிட்டால் அடுத்த ஆண்பிள்ளைக்கு அதே பெயர்.

எங்கள் மூத்தவன் எத்தியேன் பதினோரு நாள்தான் இருந்தான். என் மனைவி ரீட்டா மறுபடி உண்டானதுமே அப்பா பெயர்ப் பேச்சை எடுத்துவிட்டார். "செத்த புள்ளையோட பேர இன்னொரு புள்ளைக்கு வைக்க மாட்டேங்க" என்று என்னிடம் அழுதாள் ரீட்டா. அப்பாவோ, "வட்டகொடையில போய்ப் பாரு, செத்த புள்ள பேர அடுத்ததுக்கு வச்சது கல்லுலயே இருக்கு" என்றார். அப்படி ஒரு கல் இருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55க்கு ரயில். ஏறக்குறைய நூற்றிருபது மைல். மூன்றாம் வகுப்பு, பதினெட்டு ரூபாய். ஹட்டன் தாண்டியதும் குளிர் எலும்பைப் பிடித்தது, ஸ்வெட்டரை வீட்டிலேயே மறந்த மடையன் நான். ஒன்றரைக்கு வட்டகொடை. அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல், வாடகைக் காருக்குப் பதினைந்து ரூபாய்.

காரோட்டிய முஸ்லிம் நானா என் பெயரைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு வெள்ளக்காரன் பேரு, மூஞ்சி நம்ம தோட்டத்து லய வீட்டு மூஞ்சியால்ல இருக்கு!" வழி முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலின் சாவி மரியம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இருந்தது. நாலரைக்குக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து, கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைக்கு அழைத்துப் போனார். பாசியைச் சுரண்டினோம். எத்தியேன் என்று ஒரே பெயர். அதன் கீழே பிறந்ததும் இறந்ததுமாக மூன்று சோடித் தேதிகள். பூட்டனின் பிள்ளைகள், தாத்தாவுக்கு முன் பிறந்தவர்கள். மூவரில் ஒருவரும் இரண்டு வயதைத் தாண்டவில்லை.

அப்பா சொன்னது உண்மைதான்.

மரியம்மாவிடம் எங்கள் வீட்டுப் பெயர் வழக்கத்தைச் சொன்னேன். அவர் மூன்று சோடித் தேதிகளையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"மூணு புள்ளைக்கு ஒரே பேரா? அப்ப அந்தத் தாயி எந்தப் புள்ளைய நெனச்சுப் பேரு சொல்லி அழுதிருக்குங்க?"

நான் கொண்டுபோனது ஒரே ஒரு மெழுகுதிரி. அவர் அதை வாங்கி மூன்றாக ஒடித்தார். மூன்றையும் ஏற்றினோம். அங்கேயே முடிவெடுத்துவிட்டேன், எங்கள் எத்தியேனின் பெயர் அவனுக்கு மட்டும்தான்.

மறுநாள் வீடு வந்து அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்றுதான் நினைத்தேன்.

"கல்லுல எத்தன புள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மூணுங்கப்பா."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "எனக்கு முன்னாலயும் ஒருத்தன் இருந்தான்டா. அவன் பேரத்தான் எனக்கு வச்சாங்க. எங்க பொதச்சாங்கன்னுகூட யாரும் சொல்லல" என்றார். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். மே மாதம் பிறந்தவனுக்கு அந்தோனி என்று பெயர் வைத்தோம். ஞானஸ்நானத்துக்கு அவனைத் தூக்கிப் போனது அப்பாதான்.

போகிறவர்களுக்கு: ரயில் நேரமும் கட்டணமும் இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆபீசில் முதலில் அனுமதி கேளுங்கள். பாசி சுரண்ட தேங்காய்ப் பொச்சு நாரும் தண்ணீரும் போதும், இரும்பு பட்டால் எழுத்து போய்விடும். ஸ்வெட்டர் முக்கியம். மெழுகுதிரி மட்டும் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கல் இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள்.