டெரிட்டரி போன பிறகு ஒகேனக்கல்

பதினான்கு வருடம் தர்மபுரி மாவட்டம் என் டெரிட்டரி. மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள் அப்படித்தான் சொல்வோம், அதில் ஒரு சென்ட் நிலம் நமக்குச் சொந்தமில்லை என்றாலும். போன மாதம் அதை மேலாளர் தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். எந்த டாக்டர் எத்தனை மணிக்குப் பார்ப்பார், யாரிடம் எதைப் பேசக்கூடாது என்று நான் எழுதி வைத்திருந்த நோட்டையும் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டுமாம். சனிக்கிழமை அந்த நோட்டோடு ஒகேனக்கல் கிளம்பினேன். வேலையாக எத்தனையோ முறை வந்தும் அருவி பார்த்ததில்லை.

காலை 7.40க்கு மொரப்பூரில் ரயில் இறங்கி, தர்மபுரி பஸ் பிடிக்க நிறுத்தத்துக்குப் போக ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். ஸ்டாண்டிலிருந்து ஒருவர் குறுக்கே வந்தார்.

"அவுரு ஏத்தக்கூடாதுங்க. இது எங்க ஏரியா."

ஏற்ற வேண்டியவர் டீ குடித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது.

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கி.மீ., பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பரிசலுக்கு 1,500 ரூபாய். நாலு பேர் போனாலும் அதே தொகை, தனியாளுக்கும் அதே தொகை. நடு ஆற்று மணல்திட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தேன். கரைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, பை திட்டிலேயே கிடக்கிறது. நோட்டு பைக்குள்.

பரிசல்காரர் முனியப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அக்கரை பரிசல்காரரு எடுத்துட்டாருங்க."

"போய் வாங்கிட்டு வரலாமே."

"திட்டு வரைக்குந்தாங்க நம்ம எல்லை. தாண்டுனா கர்நாடகா. பரிசலப் புடிச்சி வெச்சிக்குவாங்க."

எங்கே போனாலும் எனக்கு முன்னால் ஒருவன் கோடு கிழித்து வைத்திருக்கிறான். கத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் முனியப்பன் கத்தினார், பையை எடுத்து வரச் சொல்லி, கன்னடத்தில். "பாவா, பேக் தகொண்டு பா!"

அக்கரைக்காரர் அவருடைய அக்கா புருஷனாம். மறுபடி போனோம். திட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் பரிசல், அந்தப் பக்கம் அவர் பரிசல். இருவரும் ஒரு முழம்கூட எல்லை தாண்டவில்லை. பையை நீட்டியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"பூரா டாக்டருங்க பேரா இருக்குதே. அப்படி என்னங்க சீக்கு உங்களுக்கு?"

"சும்மா குடு பாவா, ஏற்கெனவே மூஞ்சி சரியில்ல," என்றார் முனியப்பன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் நோட்டு ஆற்றோடு போய்விட்டது என்றேன். நம்பிவிட்டார். அவரும் ஒகேனக்கல் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: மொரப்பூரில் ஸ்டாண்டு ஆட்டோவிலேயே ஏறுங்கள். பரிசலுக்கு நாலு பேராகப் போங்கள். திட்டில் பையைக் கீழே வைக்காதீர்கள். வைக்கிற பழக்கம் இருந்தால், ஏறுவதற்கு முன்பே பரிசல்காரருக்கு அக்கரையில் சொந்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.