ஜாபர் சார் நிறுத்திய மாத்திரை

ஆய்வகத்தில் மாணவிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். "மேடம், ஜாபர் சார் தவறிட்டாரு." காலில் ஒரு புண் என்று மருத்துவமனையில் சேர்ந்தவர். முந்தின நாள்தான் என்னோடு சிரித்துப் பேசினார்.

அவர் வேதியியல், நான் உணவியல். ரமலான்தோறும் பள்ளிவாசல் கூடத்தில் நாங்கள் சேர்ந்து பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். தேன், பேரீச்சை, வாற்கோதுமைக் கஞ்சி, கருஞ்சீரகம் என்று நபிமொழியில் வரும் உணவுகளை அவர் சொல்வார். ஆராய்ச்சி எதுவரை போயிருக்கிறது என்பதை நான் சொல்வேன். வாற்கோதுமையின் நார்ச்சத்து கொழுப்பைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. கருஞ்சீரகம் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதற்குச் சிறிய ஆய்வுகளே உண்டு. அந்தக் 'கொஞ்சம்' என்பதை நான் விட்டுவிட்டால் அவரே எழுந்து சேர்ப்பார்.

ஒருமுறை தாமல் கிராமத்திலிருந்து வந்தவர் ஒருவர், கருஞ்சீரகத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். "மரணத்தைத் தவிர எல்லாத்துக்கும் மருந்துன்னு இருக்குதே சார்?"

சாரின் முகம் சிவந்துவிட்டது. "வைத்தியம் பாத்துக்கோங்கன்னு சொன்னதும் நபிகள் நாயகம்தான். ஒண்ண புடிச்சிக்கினு இன்னொண்ண விட்டா எப்படிபா?" கூட்டம் முடிந்ததும் அவரைத் தன் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஷகிலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன ரமலானுக்கு முன்னாடியே சுகர் மாத்திரைய நிறுத்திட்டாருமா. வெறும் கருஞ்சீரகத் தண்ணிதான். அதான் கால் புண்ணு ஆறாமலே போச்சு. மேடத்துக்குத் தெரிஞ்சா சண்ட போடுவாங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

"ஏன்கா?"

"மாத்திர போட்டா நோயாளி மாதிரி இருக்குதுன்னாரு."

போன ரமலானில் நோன்புக் கஞ்சி குடிக்கும்போது, "சுகர் எப்படி சார்?" என்று கேட்டேன். "கட்டுல இருக்குது மேடம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு மேடையேறி, மாத்திரையை விடாதீர்கள் என்று ஊருக்குச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் நான். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"இனிமே நான் பேச வரலக்கா. எந்த முகத்தோட வருவேன்?"

"வரணும்மா. அவரு எப்படிப் போனாருன்னு சொல்லணும். பேரச் சொல்லியே சொல்லுங்க. நானும் வந்து உக்காந்துக்கறேன்."

சொல்வேன். நல்லவர், படித்தவர், பிறர் உயிருக்காகப் பதறியவர் என்று சொல்வேன். என்னிடம் பொய் சொன்னார் என்பதையும் சொல்வேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம். இது ஆற வேண்டாம். ஆறிவிட்டால், அவர் செய்ததை நான் பூசிமெழுகிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.