வெற்றிலைக்குள் ஒரு சனாதிபதி

பிரெஞ்சு நகரத்தில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வாங்கும் வெற்றிலைக்குத் தை மாதக் குளிரில் ஒரு வாசம் உண்டு. பையைப் பிரித்தவுடன் ஈரமும் காரமுமாக மூக்கில் ஏறும். வன்னியில் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத அந்தத் தையில், எனக்குப் பத்து வயதிருக்கும், அம்மா இரண்டு வெற்றிலையை எடுத்து ஒன்றில் சிவப்புப் பூவும் மற்றதில் வெள்ளைப் பூவும் மடித்து முருகன் படத்தடியில் வைத்தார். கல்யாணம், வீடு என்று நல்ல காரியங்களுக்குத்தான் எங்கள் வீட்டில் "பூக்கட்டிப் பார்க்கிறது". அன்று பார்த்தது இலங்கைச் சனாதிபதித் தேர்தலுக்கு.

காரணம் மாமி. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சண்டையின் கடைசி நாளில் "ஆமி"யிடம் சரணடைந்தவர். பிறகு தகவலே இல்லை. அவர் மனைவி வவுனியா முகாமிலிருந்து தொலைபேசியில் கேட்டார்: "மச்சாள், ஒருத்தர் சண்டையை நடத்தச் சொன்னவர். மற்றவர் நடத்தின தளபதி. ஆருக்குப் போட்டா இவரை விடுவினம்?"

உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த அப்பா இருவரையும் எடைபோட்டார்.

"இப்ப சனாதிபதியா இருக்கிறவர் திரும்ப வந்தா முகாமைத் திறப்பார், பிடிச்ச ஆக்களைக் காட்டமாட்டார். தளபதி வந்தா ஊர் முழுக்க ஆமிதான். போடாமல் விட்டாலும் இருக்கிறவருக்குத்தான் லாபம்."

"ஆர் நல்லவன் எண்டு நான் கேட்கேல்லை," என்றார் அம்மா. "ஆர் வந்தா மற்றவனை உள்ளுக்கை போடுவான்? அதைச் சொல்லுங்கோ."

"முருகனைத் தேர்தல் ஆணையாளர் ஆக்கிப்போட்டீர்!"

அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளை, எடு."

நான் எடுத்ததில் வெள்ளைப் பூ இருந்தது. வெள்ளை, தளபதிக்கு. மாமியும் அவருக்கே போட்டார். ஆனால் தளபதி தோற்றார். சில நாளில் வென்றவரே அவரைப் பிடித்து அடைத்தார். செய்தி கேட்ட அன்று அம்மா தலைமுழுகி, சர்க்கரைப் பொங்கல் பொங்கிப் படைத்தார். "ஒருத்தன் உள்ளுக்கை. மற்றவனையும் முருகன் பார்ப்பான்" என்று எல்லோருக்கும் அள்ளி வைத்தார்.

"பொங்கல் நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா. "உம்மட தம்பி எங்கையப்பா?"

அம்மா அகப்பையைப் பானைக்குள் வைத்துவிட்டு முருகன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். முருகனிடம் பழியைக் கேட்டோமே தவிர, தம்பியைத் திருப்பித் தா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்று அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஊருக்குப் பேசத் தொலைபேசி அட்டை வாங்கிய கடையும் இல்லை, அம்மாவும் இல்லை. தளபதி எப்போதோ வெளியே வந்துவிட்டார். பொண்டி என்ற புறநகரில் என் வீட்டுச் சாமிப் படத்தின் முன்னால் விளக்கேற்றி, முதலில் மாமாவைக் கேட்கிறேன். பிறகு அந்த இருவருக்கும் தண்டனை கேட்கிறேன். இதை நான் விடமாட்டேன்.