கூஜா தொங்கிய ஸ்டாண்டு

புதுக்கோட்டைக் கடையில் இரண்டு கேமரா ஸ்டாண்டுகளுக்கு நடுவே தவித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கறம்பக்குடிப் பக்கம் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. பத்திரிகைக்கு என் முதல் படங்கள்! மர ஸ்டாண்டு தோளை முறிக்கும். அலுமினிய ஸ்டாண்டு முருங்கைக்காயாய் லேசு, ஆனால் தொட்டாலே ஆடியது.

கடைக்கு வந்திருந்த சர்வே ஆபீஸ் காக்கிச் சட்டைக்காரர், ஸ்டூலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"லேசானதையே எடுங்க சார். காத்தடிச்சா மூணு காலுக்கும் நடுவுல தண்ணிக் கூஜாவக் கட்டித் தொங்கவிடுங்க. நெலம் அளக்குறப்ப நாங்க அப்படித்தான் செய்வோம்."

"தாகம் எடுத்தா?"

"மொதல்ல வேலை சார், பெறகுதான் தண்ணி."

மறுநாள் கரையில் காற்று வேட்டியைப் பிய்த்தது. கூஜா தொங்கியது, அலுமினிய ஸ்டாண்டு இம்மியும் அசையவில்லை! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. தொண்டை வறண்டது. ஆனாலும் கடைசி மீன் கரையேறும்வரை அந்தக் கூஜாவை நான் அவிழ்க்கவில்லை.