மூன்று கல்யாணத்துக்கு ஒரே தாலி

கல்யாண வீடியோ என்றாலே எனக்குக் குமட்டும். ரோஜாப்பூவுக்குள்ளிருந்து மாப்பிள்ளை முகம் மலர்வது, மணப்பெண் மேகத்தில் மிதப்பது, இரண்டு பேரும் தாமரை இலையில் உட்கார்ந்து பழனி மலையைச் சுற்றுவது. திண்டுக்கல்லில் இந்தக் கண்றாவிகளைத் தயாரிக்கும் ஸ்டுடியோ ஒன்றுக்குத்தான் நான்கு வருடம் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொண்டேன். சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில், பழைய ஆல்பம் அட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டி. முதலாளி அதன் மேல் டீ கிளாஸை வைப்பார். ஒருமுறை உள்ளே எறும்பு குடியேறியிருந்தது.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதுதான் என் வேலை. கேமராவிலிருந்து வரும் வீடியோத் துண்டுகள் ஏகப்பட்ட இடத்தை அடைக்கும். அவற்றைச் சுருக்க நாற்பது வரிக் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்திருந்தேன். அது ஒவ்வொரு துண்டாக எடுக்கும். கேமரா அதற்குள் எழுதிவைத்த தேதி, மணி, நிமிடத்தைப் படித்து அதையே பெயராக வைக்கும். சுருக்கி ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு ஒரிஜினலை அழிக்கும். முதலாளி ஒரு வரி தட்டினால் போதும். அன்றைக்கு அதில் எனக்கு ஏகப் பெருமை. இன்று அந்த நாற்பது வரியை நினைத்தாலே வாய் கசக்கிறது.

சுருக்கும் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், இதன் மேல் எழுதலாமா என்று நின்று கேட்கும். முதலாளி ஒரே கல்யாணத்தை மறந்துபோய்க் கேமராக் கார்டிலிருந்து இரண்டாம் முறை ஏற்றி ஓட்டும்போதெல்லாம் அப்படி நிற்கும். உடனே எனக்குப் போன் வரும்.

“ஏப்பா, கறுப்பு ஸ்கிரீன்ல என்னமோ கேட்டுக்கிட்டு நிக்குது. இம்புட்டு வேலை கெடக்கு, அதுகிட்டப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கவா நானு?”

எரிச்சலில், இனிமேல் யாரையும் கேட்காமல் மேலேயே எழுது என்று கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டேன். கையோடு, பிழைச் செய்தி எதையும் திரையில் காட்டாதே என்றும் சேர்த்தேன். அதன்பிறகு போன் வரவில்லை.

கடையில் இன்னொரு பழக்கம் இருந்தது. நான் வருவதற்கு முன்னால் நடந்த கதை. ஒரு திங்கட்கிழமைக் கல்யாணத்தில் முகூர்த்தம் ஏழரை மணிக்குள். சடங்குகள் இழுத்துக்கொண்டே போய், தாலி கட்டும்போது மணி ஏழே முக்கால். மண்டபத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளையின் அண்ணன் கம்ப்யூட்டரில் வீடியோ ஃபைலின் நேரத்தைப் பார்த்துவிட்டு, ராகு காலத்தில் தாலி ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு வீட்டாரும் ஸ்டுடியோ வாசலுக்கு வந்து சண்டை போட்டார்கள். அன்றிலிருந்து, கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் கேமராக் கடிகாரத்தை ஜனவரி ஒன்று, காலை ஐந்து மணி என்று திருப்பிவைத்துவிட்டுத்தான் முதலாளி பட்டனை அமுக்குவார். எந்த ஊர், எந்த மாதமானாலும் சரி. அவர் எடுத்த அத்தனை தாலியும் புத்தாண்டு விடியலில் கட்டப்பட்டவைதான்.

இது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் சர்ச்சில் பூசையோடு நடப்பவை. ராகு காலம் என் ஸ்கிரிப்டுக்குள் வந்து உட்காரும் என்று நான் எங்கே கண்டேன்? முதலாளியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம் வந்தது. அதுவரை ஒவ்வொன்றாக ஓட்டித் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்த முதலாளி, அவசரத்தில் மூன்றையும் சேர்த்து ஓட்டினார். மூன்று தாலிக்கும் ஒரே தேதி, ஒரே மணி. முதலாவதன் மேல் இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது. ஒரிஜினல்களும் போயின. கேமராக் கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அவர் முன்பே துடைத்துவிட்டிருந்தார்.

எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் கத்தினார். “ஏலே, மூணு கல்யாணத்துக்கு ஒரே தாலிதான்டா இருக்கு!”

அழிந்த ஃபைலை மீட்கும் கருவிகளை நான்கு நாள் ஓட்டிப் பார்த்தேன். தேறியதெல்லாம் பச்சைக் கட்டங்களும் அரை விநாடி நாகஸ்வரமும்தான். தாலி காணாமல்போன இரண்டு வீட்டுக்கும் முதலாளி போட்டோக்களை ஓடவிட்டு, சினிமாப் பாட்டை மேலே பூசி, பென்டிரைவில் கொடுத்தனுப்பினார். ஒரு வீட்டார் இன்றுவரை கவனிக்கவில்லை. பாட்டு பிரமாதம் என்றார்களாம். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கே என்னைப் பிடிக்காமல் போனதற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணம்.

இன்னொரு வீட்டுப் பெண் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி நேரே வந்துவிட்டாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“அண்ணே, தாலி கட்டுனதும் எங்கப்பா பக்கத்துல வந்தாருல்ல, அந்த எடத்துல பாட்டு ஓடுது. பாட்ட எடுத்துட்டு உள்ள இருக்கறத மட்டும் குடுங்க. அப்பா தவறி ஒரு மாசமாச்சு. அவரு சத்தம் எங்கிட்ட வேற எதுலயும் இல்ல.”

அது எந்தக் கல்யாணம் என்பதே முதலாளிக்கு நினைவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. “கார்டு போயிருச்சு பாப்பா. வித்தவய்ங்க ஏமாத்திட்டாய்ங்க. இந்தா, கம்ப்யூட்டர் சாரையே கேளு.”

அவள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அதுதான். கடிகாரம், ஸ்கிரிப்ட், நான் சேர்த்த அந்த ஓர் எழுத்து, எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

“ஆமாம்மா, கார்டுதான்” என்றேன்.

அவள் அழவில்லை. “அழியறதுக்கு முன்னாடி நீங்க யாராச்சும் பாத்தீகளா? அப்பா என்ன சொன்னாரு? மேளச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல.”

யாரும் பார்த்ததில்லை. வந்த துண்டுகளை ஒருவர்கூடப் போட்டுப் பார்க்காமல் அழித்துக்கொண்டிருந்த கடை அது.

“நல்லா ஞாபகம் இருக்கு பாப்பா” என்றார் முதலாளி, கொஞ்சமும் தயங்காமல். “நல்லாயிரு தாயி, போற எடத்துல நல்ல பேரு எடுக்கணும்னாரு. என்னப்பா, நீயும் கேட்டீல்ல?”

“கேட்டேன்” என்றேன். அதோடு விட்டேனா? “தெளிவாக் கேட்டுச்சும்மா” என்று வேறு சொன்னேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு மாசமாப் பேச்சே கெடையாதுண்ணே. அன்னைக்கு என்னயப் பாத்து ஒரு சத்தம் குடுத்தாரு. அது என் பேரான்னு கேக்கத்தான் வந்தேன்.”

பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். முதலாளி அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, அடுத்த கல்யாணத்துக்கு ஆகும் என்று டிராயருக்குள் போட்டார். அப்போதும் நான் அவள் பின்னால் போகவில்லை.